முதலில் அந்தத் தெருப் பெயரை எடுத்துவிடுங்கள்

சார், பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. கேள்வியில் தெருவின் பெயர், எத்தனையாவது குறுக்குத் தெரு, எதிரில் எந்தப் பிள்ளையார் கோயில் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை அதற்கப்புறம் படிக்கலாம், ஒன்றும் ஓடிப்போகாது.

எடுத்தாயிற்றா? சரி. ஏன் என்பது கொஞ்சம் தள்ளி வரும்.

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். உங்கள் தெருவில் ஒரு தனி வீட்டைப் பெண்கள் இல்லம் நடத்தும் தொண்டு நிறுவனம் ஒன்று வாடகைக்கு எடுத்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு ராத்திரி யாரோ குடித்துவிட்டு வந்து கேட்டை உதைத்துக் கத்தினான். போலீஸ் ஜீப் இரண்டு தடவை வந்துபோனது. மேன்ஹோல் வழிகிறது. 'என்ன மாதிரிப் பொம்பளைங்களோ' என்று சிலர் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப் போர்ஷனை விற்கப்போகிறார், விலை விழுந்துவிடும் என்று அவருக்குத் தூக்கமில்லை. நலச்சங்கச் செயலாளர் என்பதால் எல்லாரும் உங்கள் தலையில் வந்து விடிகிறார்கள். நாற்பது கையெழுத்தோடு மனு தயார், ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யாரையும் புண்படுத்தாமல் இதை எப்படித் தீர்ப்பது என்கிறீர்கள்.

நான் சென்னையில் இந்த மாதிரி இல்லங்களில் பதினேழு வருஷம் இருந்தவள். வார்டனாகத் தொடங்கி, ஆலோசகராகி, கடைசியில் பொறுப்பாளர். மூன்று தெருக்களிலிருந்து எங்களை மரியாதையாகக் கிளப்பியிருக்கிறார்கள். அதனால் நடுநிலையாக எழுதுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்றில் ஒன்றில் தப்பு முழுக்க எங்கள் பேரில்தான், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் தெருவிலும் விஷயம் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது என்று தோன்றுகிறது.

அது ஒரு குடும்பத்துக்காகக் கட்டின வீடு. கழிவுநீர் இணைப்பும் ஒரு குடும்பத்துக்கானது. நாங்கள் குழந்தைகளோடு சேர்த்து 28 பேர். காலை ஆறிலிருந்து எட்டரை வரை குழாய் மூடாது. பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார், அவருடைய குளியலறையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் பின்வாங்கி ஏறும். அவர் நான்கு தடவை வந்து சொன்னார். நான்கு தடவையும் எங்கள் பக்கம் சொன்ன பதில், 'டிரஸ்ட்ல சொல்லியிருக்கோம் பாட்டி'. ஐந்தாவது தடவை அவர் தனியாக வரவில்லை, சங்கத்தையே கூட்டிக்கொண்டு வந்தார். குடிநீர் வாரியத்தின் அடைப்பெடுக்கிற லாரி வந்து இழுத்தபோது வெளியே வந்தது அத்தனையும் நாப்கினும் பழந்துணியும். எங்கள் வீட்டுச் சரக்குதான், மறுக்க வழியில்லை. அதற்குப் பிறகு தெருவில் பேச்சு மாறிவிட்டது. அதுவரை 'ஹோம்ல இருக்கிறவங்க' என்று சொன்னவர்கள் 'அந்தப் பொம்பளைங்க' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். காரணமாக அவர் சொன்னது சாக்கடையை இல்லை, 'குடும்பங்கள் இருக்கிற இடம்' என்றார். பாட்டிக்கு எங்கள் பெண்களோடு ஒரு சண்டையும் கிடையாது, பண்டிகைக்கு முறுக்கு கொடுத்தனுப்பியவர். புகாரைக் காதுகொடுத்துக் கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று ஆனதும் மற்ற பேச்செல்லாம் உள்ளே புகுந்துவிட்டது.

ஆகவே மனுவில் இருக்கிற புகார்களைக் கூட்டத்துக்கு முன்பே பிரித்துவிடுங்கள். சாக்கடை, குப்பை, வாசலில் நிற்கிற வண்டி, சத்தம், இதெல்லாம் அந்த வீட்டில் பதினைந்து ஐடி பையன்கள் வாடகைக்கு இருந்தாலும் வந்திருக்கும், அப்போது நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டீர்கள், உரிமையாளருக்கு ஒரு ஃபோன் போட்டிருப்பீர்கள். இதையும் அப்படியே செய்யுங்கள். இல்லத்தின் பக்கம் ஒரே ஒரு ஆளின் கைபேசி எண், ராத்திரி பதினொன்றுக்கு அடித்தாலும் எடுக்கிற எண், வாங்கிக்கொள்ளுங்கள். தெருவின் பக்கமும் ஒரே ஆள் போதும். கமிட்டி போட்டால் கெட்டது, கமிட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். அடைப்புக்குக் குடிநீர் வாரியம், குப்பைக்கு மாநகராட்சியின் 1913. நாப்கினைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கச் சொன்னால் செய்வார்கள், சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அத்தனை பேர் இருக்கிற வீட்டுக்குப் பெரிய இணைப்பு எடுக்கவேண்டியது உரிமையாளர், வாடகையைக் கைநீட்டி வாங்குகிறவர் அவர்தானே, கூட்டத்துக்கு அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். இந்த மாதிரிக் கூட்டங்களில் வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை, எப்போதும் ஊரில் இருக்கமாட்டார்.

அடுத்து உரிமம். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014இல் தனிச் சட்டம் வந்தது, அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கித்தான் நடத்தவேண்டும். ராஜாஜி சாலையில் இருக்கிற ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூகநல அலுவலரைப் பார்த்தால் இந்த இல்லம் அவர்கள் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் நகலை எடுத்துக் காட்டிவிடுவார்கள். காட்டாமல் இழுத்தால் அது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம், ஆனால் முதல் கவலை தெருவைப் பற்றி இருக்கக்கூடாது. உரிமம் இல்லாத இல்லத்தில் உள்ளே இருக்கிற பெண்ணுக்குத்தான் முதலில் ஆபத்து, அங்கே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க யாரும் வருவதில்லை. அப்படி இருந்தால் நீங்கள் கொடுக்கிற புகார் புண்ணியம்.

எந்த வகை இல்லம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெளியில் எல்லாவற்றுக்கும் 'ஹோம்' என்று ஒரே பெயர். வேலைக்குப் போகிற பெண்கள் பணம் கட்டித் தங்கும் அரசின் தோழி விடுதி வேறு. மாநகராட்சி தொண்டு நிறுவனங்களை வைத்து நடத்தும், வீடில்லாமல் நடைபாதையில் இருந்தவர்களுக்கான காப்பகம் வேறு. வன்முறைக்கு ஆளான பெண்கள் முதலில் போய்ச் சேருகிற, சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் நாலைந்து நாள் மட்டும்தான் தங்கமுடியும், அங்கிருந்து அனுப்புகிற இடம்தான் உங்கள் தெருவில் இருக்கிற மாதிரியான இல்லம். முன்பு ஸ்வதார் கிரே என்று இருந்த மத்திய அரசுத் திட்டம் இப்போது சக்தி சதன், அதன்கீழ் நடப்பவை சில, முழுக்க நன்கொடையில் நடப்பவை சில.

இப்போது அந்தக் குடிகாரன். மனுவில் முதல் வரியே அவன்தான்.

தெரு பயந்ததில் தப்பில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒருவன் இரும்புக் கேட்டை உதைத்துக்கொண்டு காது கூசுகிற வார்த்தையில் கத்தினால் பிள்ளைகளை வைத்திருக்கிற யாருக்குத் தூக்கம் வரும்? அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வீட்டைவிட்டு வந்தவர்கள் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மறுநாள் காலை சங்கம் கேட்டது 'இவங்க எப்போ காலி பண்ணுவாங்க?' என்று. கேட்டிருக்க வேண்டியது, அவனுக்கு விலாசம் எப்படிக் கிடைத்தது என்று.

விலாசம் கசிகிற வழிகளை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். பையனுக்கு டிசி வாங்கப் போன பழைய பள்ளியில் யாராவது புதுப் பள்ளியின் பெயரை அப்பனிடம் சொல்லிவிடுவார்கள், அவன் புதுப் பள்ளி வாசலில் காத்திருந்து பின்னாலேயே வருவான். அம்மா வீட்டில் யாரோ இரக்கப்பட்டு, 'பாவம் புருஷன், திருந்திட்டான்' என்று சொல்லிவிடுவார்கள். ஒரு தீபாவளிக்கு அந்த வட்டாரப் பிரமுகர் ஒருவர் எங்கள் இல்லத்துக்குச் சேலை கொடுக்க வந்தார். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. வருவதற்கு முந்தின ராத்திரியே எங்கள் காம்பவுண்டில் பத்தடி ஃபிளெக்ஸ் கட்டியாயிற்று, 'ஆதரவற்ற மகளிர் இல்லத்தில் புத்தாடை வழங்கும் விழா', தெருமுனையில் அம்புக்குறியோடு இன்னொன்று. எங்கள் பெண்கள் வரிசையில் நின்று சேலை வாங்குகிற படம் அன்று சாயங்காலமே ஃபேஸ்புக்கில். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒருத்தியின் கணவன் திருவண்ணாமலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டான், அந்தப் படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது முனையில் புங்க மரத்தடியில் நின்ற இஸ்திரி வண்டிக்காரர். ஃபிளெக்ஸை அதற்குள் கழற்றியிருந்தோம். அவன் ஃபோனை நீட்டிக் கேட்க, இவர் கரிப்பெட்டியைத் துணிமேல் ஓட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'அந்த ஹோமா? காலி பண்ணிட்டாங்களேப்பா. செங்கல்பட்டுப் பக்கம் போனதாச் சொன்னாங்க' என்றார். அவன் பஸ் ஏறிவிட்டானா என்று முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்கள் கேட்டில் சொன்னார். சொல்லிவிட்டு, என் நான்கு காட்டன் புடவையைக் கொடுத்துக் காசும் வாங்கிக்கொண்டுதான் போனார். அவரிடம் யாரும் எதையும் ரகசியம் என்று சொல்லிவைக்கவில்லை, சார். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவராகவே புரிந்துகொண்டார்.

இதற்காகத்தான் தெருப் பெயரை எடுக்கச் சொன்னேன். உங்கள் மனுவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கவுன்சிலருக்கு ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒன்று, எல்லாவற்றிலும் 'மேற்படி இல்லம், கதவு எண் இன்னது' என்று இருக்கும். சங்கத்தின் வாட்ஸ்அப்பில் கேட்டின் படமும், அந்த ராத்திரி கேமராவில் பதிவான வீடியோவும் ஏற்கெனவே சுற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வீடியோ எந்த மைத்துனன் வழியாக எந்த ஊருக்குப் போகும் என்று உங்களால் சொல்லமுடியுமா? விலாசம் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு பேர் ராத்திரியில் கேட்டை உதைக்க வருவார்கள். உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பும் வெளியே உங்கள் நிம்மதியும் ஒரே பூட்டில்தான் இருக்கிறது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006 விதிகளில், அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் அவள் அங்கே இருப்பதை இல்லம் வெளியே சொல்லக்கூடாது, எதிர்த் தரப்புக்குத் தெரிவிக்கக்கூடாது என்று இருக்கிறது. அதனால் 'உள்ளே யார் யார் இருக்காங்க, லிஸ்ட் கொடுங்க' என்று யாராவது கூட்டத்தில் கேட்டால், பொறுப்பாளர் மறுப்பார். திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுபடி அவன் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நேரான வழி உண்டு. 112க்கு அடியுங்கள், இல்லத்திலிருந்தும் அடிப்பார்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் போவது நல்லது. உள்ளே இருக்கும் பெண் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்து, அதை மீறி அவன் வந்தால் அந்த மீறலே குற்றம், ஒரு வருஷம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், ஜாமீனில் விடமுடியாத பிரிவு. ஆனால் அவன் வந்தான், கத்தினான் என்று சொல்ல சாட்சி வேண்டும். இல்லத்து ஆள் சொன்னால் 'அவங்க அப்படித்தான் சொல்வாங்க' என்றுவிடுவார்கள். எதிர்வீட்டு சார், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொன்னால் எடை வேறு. தெருவில் அப்படி இரண்டு பேர் முன்வந்தால் அந்த ஆள் அடுத்த தடவை வருவது சந்தேகம். வீடியோவை வாட்ஸ்அப்பில் போடாமல் காவல் நிலையத்தில் கொடுங்கள். இன்ஸ்பெக்டரைப் பொறுப்பாளரும் நீங்களும் சேர்ந்தே ஒரு தடவை பார்த்து ராத்திரி ரோந்துக்குச் சொல்லிவையுங்கள், ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடும் நோட்டு இருந்தால் அதைக் கோயிலிலோ முனைக் கடையிலோ மாட்டச் சொல்லுங்கள், இல்லத்தின் கேட்டில் வேண்டாம். அப்புறம், ஜீப் வந்தது என்பதை உங்கள் மனு ஒரு குறையாக எழுதியிருக்கிறது பாருங்கள். கூப்பிட்டதும் ஜீப் வருகிற தெரு சென்னையில் எத்தனை இருக்கிறது?

வீட்டு விலை. இதைச் சீக்கிரம் முடிக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது, போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ எவ்வளவு தூரம், கார் உள்ளே திரும்புமா என்றுதான் கேட்பார். மூன்று வீடு தள்ளி யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று கேட்கமாட்டார், சங்கமே மனு எழுதி ஊருக்குச் சொல்லியிருந்தாலொழிய.

கடைசியாக, 'என்ன மாதிரிப் பொம்பளைங்க'. இதற்கு நான் பதில் சொல்லவேண்டியதில்லை, உங்கள் தெருவுக்குக் கேட்க உரிமையும் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஒன்றிரண்டு சொல்கிறேன், விலாசம் இல்லாமல். ஒரு ராத்திரி ஒரு பெண் பையனோடு வந்தாள். அவள் பையில் ரேஷன் கார்டு, பையனின் கணக்கு நோட்டு, ஒரு குக்கர் விசில். குக்கர் இல்லை, விசில் மட்டும். கையில் அகப்பட்டதை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அந்த விசிலை அவள் இல்லத்தில் இருந்தவரை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. இன்னொருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, அறுபது தாண்டியவர், வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு மகன் கைநீட்ட ஆரம்பித்துவிட்டான். இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பக்கத்து அபார்ட்மெண்ட் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அபார்ட்மெண்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் முதல் வாசல் திண்ணையில் உட்காராமல் உள் ரூமில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

இந்தப் பேச்சு இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1911இல் பட்டம் வாங்கிய சகோதரி சுப்பலட்சுமி, தானும் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர், எழும்பூரில் ஒரு வீட்டில் சில சிறுவயது விதவைப் பெண்களோடு ஆரம்பித்த இல்லம்தான் பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுசுக்குப் போனது. விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வீட்டுக்குள் போன காலம் அது, அத்தனை விதவைகள் ஒரே வீட்டில் என்றால் அக்கம்பக்கம் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லவேண்டாம். இன்றைக்கு மெரினாவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் விவேகானந்தர் இல்லம் என்று கும்பிட்டுவிட்டுப் போகிற அதே கட்டடம்தான். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தை ஆரம்பித்ததும் வேறு எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத பெண்களுக்காகத்தான். அந்த விடுதிகளும் அன்றைக்கு யாரையும் புண்படுத்தாமல்தான் வேண்டாம் என்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இல்லத்தில் வைக்காதீர்கள், 'ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்' என்று சிலர் கிளம்புவார்கள், விடாதீர்கள், அது மிருகக்காட்சிசாலை இல்லை. உங்கள் வீட்டு மாடியிலோ கோயில் மண்டபத்திலோ பத்துப் பேர் போதும். பொறுப்பாளர், வீட்டுக்காரர், பக்கத்து வீடு, எதிர் வீடு, நீங்கள். முதல் அரை மணி நேரம் மேன்ஹோலை மட்டும் பேசுங்கள், யார் பணம் கட்டுவது, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். அது முடிவானால் மற்றதைப் பேச வந்தவர்களில் பாதிப் பேர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், என் அனுபவம். மாடியை விற்கிறவர் மட்டும் இருப்பார், அவரைப் பொறுப்பாளரோடு பத்து நிமிடம் தனியாகப் பேசவிடுங்கள். தெருமுனையில் டூவீலரை நிறுத்திக்கொண்டு அந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் இருந்தால், அவர்கள் யார் வீட்டுப் பையன்கள் என்று உங்களுக்குத் தெரியும், கூட்டத்தில் பெயர் சொல்லவேண்டாம், அப்பாக்களிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராக 1998இலேயே வந்த மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

மனுவை எத்தனை ஜெராக்ஸ் எடுத்தீர்கள், யார் யாரிடம் இருக்கிறது என்று எண்ணித் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். ஃபோனில் ஸ்கேன் பண்ணி வைத்திருப்பவர்களிடம் அழிக்கச் சொல்லுங்கள். வழிகிற மேன்ஹோலுக்குத் தனியாக ஒரு புகார், நாலு வரி, அதில் இல்லம் என்ற சொல்லே வேண்டாம். எந்த வீட்டு வாசலில் என்று கேட்பார்கள், உங்கள் கதவு எண்ணைக் கொடுங்கள்.